கொள்ளையா, வெற்றியா?



நமது நெய்வேலியிலிருந்து தெற்கே, காலையில் புறப்பட்டால் பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பக்கூடிய தூரத்தில் கங்கைகொண்டசோழபுரம் இருக்கிறது. 2025ஆம் ஆண்டு ஜூலை மாதம் அங்கே ஆடித் திருவாதிரை விழா வெகு விமரிசையாக நடந்தேறியது. இராஜேந்திர சோழனின் கப்பற்படை ஸ்ரீவிஜய நாட்டின் மேல் பாய்ந்து ஆயிரம் ஆண்டு நிறைந்ததையும் அவ்விழாவில் கொண்டாடினார்கள். கடலுக்கு அஞ்சாத ஒரு குலத்தில் வந்தோம் என்று நெஞ்சு நிமிர்த்துவது தவறென்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்தப் பெருமைக்குள்ளே ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது. அதைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

அதற்குமுன் சற்று வடக்கே வேறொரு கடலுக்குப் போவோம். 793ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் கரையோரமாயுள்ள லிண்டிஸ்பார்ன் என்ற சிறு தீவில் சந்நியாசிகளின் மடம் ஒன்று இருந்தது. ஜூன் மாதத்தில் ஒரு நாள் வைக்கிங் என்னப்பட்ட வடதேசத்துக் கடலோடிகள் கப்பலில் வந்திறங்கினார்கள். ஆயுதமில்லாத துறவிகளை வெட்டினார்கள். கோயில் பொக்கிஷங்களை வாரிக்கொண்டு போனார்கள். அன்று தொடங்கிய கொள்ளை இரண்டு நூற்றாண்டுக்கு மேல் ஓயவில்லை. 845இல் பாரீஸ் நகரம் 7,000 இராத்தல் வெள்ளி கொடுத்துத் தன் உயிரைக் காத்துக்கொண்டது. 1018இல் இங்கிலாந்து கொடுத்தது 72,000 இராத்தல். லண்டன் நகரம் தனியாக 10,500. இந்த வெள்ளி யார் வீட்டிலிருந்து வந்தது? உழுகிற நிலத்தின்மேல் வரி போட்டுத்தான் வசூலித்தார்கள். அரண்மனை கொடுத்த பணத்துக்குக் கலப்பை பதில் சொன்னது.

இதை வாசிக்கும்போது நமக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. இது கொள்ளை, இது பாவம் என்று மனம் தானே சொல்லிவிடுகிறது.

இப்போது நம் கரைக்குத் திரும்புவோம். 1025இல் சோழர் கப்பல்கள் கடாரம் முதலான பத்துக்கு மேற்பட்ட இடங்களைத் தாக்கின. அரசன் சங்கிராம விஜயோத்துங்கவர்மனைப் பிடித்ததையும், அவன் யானைகளையும் குவித்து வைத்திருந்த பெருநிதியையும் வித்தியாதர தோரணத்தையும் கவர்ந்ததையும் இராஜேந்திரனின் மெய்க்கீர்த்தியே விவரமாகச் சொல்லுகிறது. இத்தனைக்கும் அந்த அரச குலம் சோழருக்குப் பகையாயிருந்ததல்ல. நாகப்பட்டினத்தில் பௌத்தருக்கு அவர்கள் கட்டிய சூடாமணி விகாரத்துக்கு இராஜராஜன் ஆனைமங்கலம் என்ற கிராமத்தின் வருமானத்தை எழுதிவைத்தான். தந்தையின் அந்தத் தருமத்தைச் செப்பேட்டில் பொறிக்கச் செய்தவன் இதே இராஜேந்திரன்!

ஈழத்திலும் இதே கதைதான். 993ஐ ஒட்டி இராஜராஜனின் படை அநுராதபுரத்தை அழித்தது. 1017இல் ஐந்தாம் மகிந்தனைப் பிடித்துச் சோழநாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். பன்னிரண்டு ஆண்டுக்குப்பின் அவன் இங்கேயே இறந்தான். சோழர் தாது கர்ப்பங்களை உடைத்துப் பொன் விக்கிரகங்களை எடுத்துச் சென்றதாகவும், நாட்டின் இரத்தத்தை உறிஞ்சியதாகவும் சூளவம்சம் என்ற அவர்களுடைய நூல் புலம்புகிறது. லிண்டிஸ்பார்னைப்பற்றி எழுதிய துறவிகளும் ஏறக்குறைய இப்படித்தான் புலம்பினார்கள். 1070இல் சோழரைத் துரத்திய முதலாம் விஜயபாகு, பிக்குகளுக்குப் பட்டம் கொடுக்க ஆள் தேடினான். முறைப்படி அதற்கு வேண்டிய ஐந்து பிக்குகள்கூட நாட்டில் அகப்படவில்லையாம். பர்மாவுக்குத் தூதனுப்பிப் பிக்குகளை வரவழைத்தான். ஒரு குருவானவனாகிய எனக்கு இந்தச் செய்திதான் எல்லாவற்றிலும் அதிகமாய் உறைக்கிறது. பொன் போனால் வேறு பொன் சம்பாதிக்கலாம். ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு வந்த பரம்பரை அறுந்துபோனால் என்ன செய்வது?

"அந்தக் காலத்தில் எல்லா அரசரும் அப்படித்தான் செய்தார்கள், சாமி" என்று சிலர் சொல்லக்கூடும். செய்தார்கள், மெய்தான். ஆனால் அந்தக் காலத்தில் அழுதவர்களும் இருந்தார்கள் அல்லவா? ஏறக்குறைய 1007இல் கருநாடகத்து ஹொட்டூரில் சாளுக்கியர் வெட்டிவைத்த கல்வெட்டு ஒன்று, சோழர் படை பெண்களையும் குழந்தைகளையும் கொன்றதென்று குற்றம் சாட்டுகிறது. பகைவன் எழுதியதாதலால் கொஞ்சம் மிகைப்படுத்தியிருக்கலாம். ஆனாலும் அதைக் குற்றமென்று எழுதினான் பாருங்கள்! அது குற்றமென்று அக்காலத்தவருக்கும் தெரிந்தேயிருந்தது. வெஃகாமை என்றும் கள்ளாமை என்றும் அதிகாரம் வகுத்த வள்ளுவர் இந்தச் சோழர்களுக்கு எத்தனையோ நூற்றாண்டு முந்தியவர்.

"வைக்கிங்குகள் கடற்கொள்ளைக்காரர்; இராஜேந்திரன் பேரரசன். இரண்டும் ஒன்றாகுமா?" என்பது அடுத்த தடை. இதற்கு அர்ச். அகுஸ்தீன் 'சர்வேசுரனின் நகரம்' என்ற நூலில் ஒரு கதை சொல்லுகிறார். அலெக்சாந்தரிடம் பிடிபட்ட ஒரு கடற்கொள்ளைக்காரனை, "கடலில் ஏன் தொல்லை கொடுக்கிறாய்?" என்று அவன் அதட்டினானாம். "நான் ஒரே கப்பலில் செய்வதால் திருடன், தாங்கள் பெரும்படையோடு செய்வதால் சக்கரவர்த்தி" என்ற கருத்தில் அந்தக் கைதி பதில் சொன்னானாம். கப்பல்களின் எண்ணிக்கை நியாயத்தை மாற்றாது என்பதே அகுஸ்தீனின் கட்சி. குருமடத்து மாணவனாய் அதை முதலில் வாசித்தபோது சிரிப்பு வந்தது. இப்போது அவ்வளவாகச் சிரிப்பு வருவதில்லை.

அப்படியானால் முன்னோரின் குற்றத்துக்கு நாம் பொறுப்பாளிகளா? இல்லை. பாவசங்கீர்த்தனத்தில் பாட்டனாரின் பாவத்தைச் சொல்ல ஒருவனும் முழங்காலில் நிற்பதில்லை. ஆனால் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. "நாங்கள் கடாரம் கொண்டோம்" என்று சொல்லுகிறோமே, அந்த "நாங்கள்" யார்? ஆயிரம் வருஷத்துக்கு முந்திய வெற்றியில் எனக்குப் பங்குண்டென்றால், அதே வெற்றியின் கடனில் மட்டும் பங்கில்லையென்று தள்ளுவது எந்த ஊர் வழக்கு? தகப்பன் விட்டுப்போன நிலத்தை எடுத்துக்கொண்டு, அதன்மேலுள்ள பற்று எனக்குத் தெரியாது என்கிற மகனை ஊர்ப் பஞ்சாயத்து ஒப்புக்கொள்ளுமா?

இந்தக் கடனைத் தீர்க்க முயன்ற அரசரும் இருந்தார்கள். காண்டர்பரி அதிமேற்றிராணியார் அர்ச். அல்பேஜை டேனியர் சிறைப்பிடித்தார்கள். தம்மை மீட்க ஏழைக் குடிகளிடம் பணம் தண்டலாகாது என்று அவர் மறுத்துவிட்டார். 1012இல் குடிவெறியிலிருந்த அவ்வீரர் மாட்டெலும்புகளை எறிந்து அவரைக் கொன்றார்கள். நான்கு வருஷத்தில் டேனிய இளவரசன் கனூட் இங்கிலாந்தின் அரசனானான். இராஜேந்திரன் ஆண்ட அதே காலம். கொலையை அவன் செய்யவில்லை. ஆனால் சிங்காசனம் டேனியரின் வாளால் கிடைத்தது. 1023இல் அல்பேஜின் சரீரத்தை லண்டனிலிருந்து காண்டர்பரிக்கு மிகுந்த மரியாதையோடு அவன் கொண்டுபோகச் செய்தான். அதில் அரசியல் தந்திரமும் கலந்திருக்கும், இருக்கட்டும். நம் நாட்டில் முதலாம் குலோத்துங்கன் 1090இல் கடாரத்தரசன் கேட்டுக்கொண்டபடி, அந்தச் சூடாமணி விகாரத்தின் நிலங்களுக்கு மறுபடி செப்பேடு கொடுத்தான். இந்தச் செய்கைக்கு விழா எடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

கன்னடக்காரரும் மலையாளியும் தெலுங்கரும் நம்மோடு ஒரே சங்கொலிக்கு வேலைக்குப் போகிற ஊர் இது. அவரவர் வீட்டிலும் பிள்ளைகளுக்கு ஒரு பழங்கதை சொல்லப்படுகிறது. ஒரு வீட்டுக் கதையில் வீரனாயிருப்பவன் அடுத்த வீட்டுக் கதையில் யார்?

விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கங்கைகொண்டசோழபுரம் போங்கள். அந்தக் கோயிலைப் பார்க்காமலிருப்பது பெரிய நஷ்டம். பிறகு தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்துக்கும் போங்கள். தாராசுரத்திலிருந்து வந்த ஒரு துவாரபாலகர் சிலை அங்கே உண்டு. இராஜேந்திரனின் மகன் இராஜாதிராஜன் கல்யாணபுரத்தை எரித்துக் கொண்டுவந்தது என்று அதன் பீடத்திலேயே வெட்டியிருக்கிறது. அந்த எழுத்தைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள். இங்கே வருமுன் இந்தக் காவலர் யார் வாசலில் நின்றார் என்று அவர்கள் கேட்டால், அதையும் சொல்லுங்கள்.