தாய் கேட்ட ஒன்றே ஒன்று



கார்த்திகை இரண்டாம் நாள் நமது சேமக்காலைகளில் கூடும் கூட்டத்தை நீங்கள் அறிவீர்கள். முதல் வாரமே புல்லைச் செருக்கி, கல்லறைக்கு வெள்ளையடித்து, அன்று மெழுகுதிரி கொளுத்தி, குருவானவர் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வரும்வரை குடும்பம் குடும்பமாகக் காத்து நிற்பார்கள். ஆனால் அக்கூட்டத்திலே நிற்க முடியாத பிள்ளைகள் எத்தனை பேர்! 1995ஆம் ஆண்டு இடம்பெயர்வின்போது போன இடத்திலே தாயை இழந்து, அந்த மண்ணிலே அடக்கியவர்கள் இருக்கிறார்கள். 2009இல் வன்னியிலே, புதைத்த இடத்துக்கு ஓர் அடையாளம் வைக்கவும் அவகாசமின்றி ஓடியவர்கள் இருக்கிறார்கள். கடல் கடந்து வாழ்ந்து, பெற்றவளின் அடக்கத்தைத் தொலைபேசித் திரையிலே பார்த்துத் தனியே அழுதவர்களும் இருக்கிறார்கள். இவர்கள் குருவானவரிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: “சுவாமி, அம்மாவின் கல்லறையிலே ஒரு திரிகூடக் கொளுத்த முடியாத பிள்ளை நான். அவவுக்கு நான் இனி என்ன செய்ய?”

இக்கேள்விக்கு மறுமொழி சொல்லத் தகுதியுள்ள மகன் ஒருவர் திருச்சபையில் இருக்கிறார். தாயை அந்நிய துறைமுகமொன்றிலே அடக்கம் செய்துவிட்டு, 388இல் தாய்நாடாகிய ஆபிரிக்காவுக்குக் கப்பலேறியவர் அவர். 430ஆம் ஆண்டில் கண்மூடும்வரை மறுபடி அவர் கடல் கடக்கவில்லை. நாற்பத்திரண்டு ஆண்டுகள்! மேற்றிராணியாராக உயர்ந்து, மேற்குத் திருச்சபையின் மாபெரும் மறைவல்லுநராக விளங்கிய புனித அகுஸ்தீனாரும், தாயின் கல்லறைக்குப் போகமுடியாத பிள்ளைதான்.

தாய் மொனிக்கம்மாளின் கதையை நீங்கள் பிரசங்கங்களிலே பலமுறை கேட்டிருப்பீர்கள். தவறான வழியிலே போன மகனுக்காக ஆண்டாண்டாய் அழுது மன்றாடிய தாய் என்பதோடு பெரும்பாலும் நிறுத்திவிடுவார்கள். அவரது சாவைப் பற்றிச் சொல்வது குறைவு.

387ஆம் ஆண்டு பாஸ்கு இரவிலே மகன் மிலான் நகரில் திருமுழுக்குப் பெற்றார். தாயின் கண்ணீர் பலன் கண்டது. பின்பு குடும்பமாக ஊர் திரும்பப் புறப்பட்டு, உரோமைக்கு அண்மையிலுள்ள ஒஸ்தியா துறைமுகத்திலே கப்பலுக்காகத் தங்கியிருந்தார்கள். அங்கே அந்த அம்மாளைக் காய்ச்சல் பிடித்தது. அவருக்கு வயது ஐம்பத்தாறு, மகனுக்கு முப்பத்துமூன்று.

நம்முடைய அம்மாமாரைப் போலவே மொனிக்கம்மாளுக்கும் ஓர் ஆசை இருந்தது. ஊரிலே, கணவனுக்குப் பக்கத்திலே அடக்கம் செய்யப்பட வேண்டுமென்று இடங்கூட ஆயத்தம் செய்து வைத்திருந்தார். ஆகவே மற்ற மகன் நவீஜியுஸ், பிறநாட்டில் அல்லாமல் சொந்த ஊரில் அம்மா கண்மூடினால் நல்லது என்று சொன்னபோது, சரி என்று தலையசைப்பார் என்றே எவரும் எதிர்பார்த்திருப்பர். அவரோ அம்மகனைக் கண்டிப்பதுபோலப் பார்த்தார். இந்த உடலை எங்கே வைத்தாலும் வையுங்கள், அதைப்பற்றிக் கவலை வேண்டாம் என்றார். நீங்கள் எங்கே இருந்தாலும் ஆண்டவரின் பீடத்தில் என்னை நினைத்துக்கொள்ளுங்கள் என்று ஒன்றை மட்டும் கேட்டார். நோயுற்ற ஒன்பதாம் நாள் உயிர் பிரிந்தது.

பேரப்பிள்ளை வாய்விட்டுக் கதறினான். சுற்றி நின்றவர்கள் அடக்கினார்கள். அகுஸ்தீனாரோ ஒரு துளி கண்ணீர் சிந்தவில்லை. உயிர்த்தெழுதலை நம்புகிறவன் ஒப்பாரி வைக்கலாமா என்று நெஞ்சை இறுக்கிக்கொண்டார். அடக்கத்தின்போதும் அழவில்லை. துயரத்தைத் தீர்க்கும் என்று கேள்விப்பட்டுக் குளித்துப் பார்த்தார். குளித்தவர் குளிக்குமுன் இருந்தபடியேதான் இருந்தார் என்று தாமே எழுதியிருக்கிறார். பின்பு படுத்து உறங்கி விழித்தார். அந்தத் தனிமையிலே தாயின் நினைவு வர, அடக்கி வைத்த கண்ணீரை இறைவன் முன்னிலையில் ஓடவிட்டார்.

“ஆம்பிளை அழக்கூடாது” என்று செத்தவீட்டிலே தோளில் தட்டும் பெரியவர்கள் இதைக் கவனிப்பார்களாக. லாசரின் கல்லறையருகே நம் ஆண்டவரே அழுதார். நம்பிக்கையுள்ளவனுக்குக் கண்ணீர் விலக்கப்பட்டதென்று திருச்சபை ஒருநாளும் போதிக்கவில்லை.

இன்னுமொன்று உண்டு. தாயை இழந்த பிள்ளைகளின் நெஞ்சை அதிகமாக அரிப்பது பிரிவைவிடத் தாங்கள் செய்த குறைகளே. கடிதம் போடவில்லை, வருகிறேன் என்று சொல்லி வரவில்லை, கடைசியாகப் பேசியபோது சினந்து பேசினேன் என்றெல்லாம் சொல்லி அழுவார்கள். அகுஸ்தீனார் செய்தது இவற்றைவிடக் கொடியது. 383இல் உரோமைக்குப் போக எண்ணியபோது, தன்னைப் பிடித்துக்கொண்டு அழுத தாயிடம், நண்பன் ஒருவனை வழியனுப்பிவிட்டு வருகிறேன் என்று பொய் சொன்னார். துறைமுகத்துக்கு அண்மையிலிருந்த புனித சிப்பிரியானின் ஆலயத்திலே தாய் இரவு முழுவதும் மன்றாடிக்கொண்டிருக்க, மகன் கப்பலேறிப் போய்விட்டார். விடியற்காலையில் அத்தாய் கரையிலே கதறி நின்றார். அதே தாய்தான் மரணப் படுக்கையிலே அவரது பணிவிடைகளைப் பாராட்டி, நீ என்னைக் கடிந்து ஒரு சொல்லும் பேசியதில்லை என்றார். அவர் அந்தக் கரையை மறந்திருப்பாரா? நினைவிருந்தும் கணக்கில் எடுக்கவில்லை. உங்கள் தாயும் உங்கள் கணக்கை எப்படி முடித்திருப்பாள் என்பதை உங்களைவிட அறிந்தவர் யார்?

சரி, பீடத்தில் நினைப்பது என்றால் என்ன? மொனிக்கம்மாள் ஆபிரிக்காவில் இருந்தபோது, வேதசாட்சிகளின் கல்லறைகளுக்குக் கூழும் அப்பமும் திராட்சை இரசமும் கூடையில் கொண்டுபோகும் வழக்கமுடையவர். மிலானிலும் அப்படியே போனபோது வாயிற்காப்பவன் மறித்தான். மேற்றிராணியார் புனித அம்புரோஸ் அதைத் தடைசெய்திருந்தார். அம்மாள் முணுமுணுக்கவில்லை. கூடையை விட்டுவிட்டுச் செபத்தைக் கொண்டுபோனார். பொருளை ஏழைகளுக்குக் கொடுத்தார். முப்பத்தோராம் நாளுக்குப் பந்தலும் பெருவிருந்தும் வைத்துக் கடன்படுகிற குடும்பங்கள் நம்மிடையே உண்டு. பளிங்குக் கல்லறையின் செலவைக் கேட்டால் மயக்கம் வரும். அதே குடும்பத்தில் அன்றைய திருப்பலிக்கு வந்து நற்கருணை பெற்றவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால் விரல்களே மிஞ்சும்.

திருப்பலியில், நற்கருணை மன்றாட்டின் நடுவிலே, மரித்தோரைக் குருவானவர் நினைவுகூரும் இடம் வருகிறது. மொனிக்கம்மாள் கேட்டது அந்த இடத்தைத்தான். அதற்குக் கல்லறை அருகே இருக்கவேண்டியதில்லை. ரொறன்ரோவில் ஒப்புக்கொடுத்தாலும் மன்னாரில் ஒப்புக்கொடுத்தாலும் கிறிஸ்துவின் பலி ஒன்றே.

தாய் பாராட்டாத கல்லறையின் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1430இல் அவரது எலும்புகள் உரோமைக்குக் கொண்டுவரப்பட்டன. இன்று அங்கே புனித அகுஸ்தீனார் ஆலயத்தில் இருக்கின்றன. 1945இல் ஒஸ்தியாவில் விளையாட்டுக்குக் கம்பம் நடக் குழி தோண்டிய சிறுவர்கள், அவரது கல்லறைக் கல்வெட்டின் உடைந்த துண்டொன்றைக் கண்டெடுத்தார்கள். அதுவரை கல் மண்ணுக்குள் கிடந்தது. பெயரோ மறைந்ததில்லை. தாய் இறந்து ஏறக்குறைய பத்தாண்டுகளின் பின் தமது வாழ்வை இறைவன் முன் அறிக்கையிட்டு எழுதிய நூலிலே, இதை வாசிப்பவர்கள் என் தாயைப் பீடத்தில் நினைக்கவேண்டும் என்று மகன் கேட்டு வைத்தார்.

தாயின் பெயரை மாத்திரம் அவர் எழுதவில்லை. தந்தை பத்ரீசியுஸின் பெயரையும் சேர்த்தார். முன்கோபக்காரர், மனைவிக்கு உண்மையாக இராதவர், வாழ்வின் இறுதிக் காலத்தில்தான் திருமுழுக்குப் பெற்றவர். ஆகவே இம்மாதம் அம்மாவுக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கப் பங்குக் காரியாலயத்துக்குப் போகிறவர்கள், மரித்த தகப்பனுடைய பெயரையும் அதே துண்டிலே எழுதிக் கொடுங்கள். தூரத்தில் இருப்பவர்கள் இருக்கும் ஊரின் ஆலயத்திலே கொடுங்கள். அன்றைக்கு நீங்களும் போய் முழந்தாளிடுங்கள்.