மருத்துவர் இல்லாத ஊரில் யார் பொறுப்பாளி?

ஃபிக்ஹுக் கிதாபுகளில் மருத்துவனின் பொறுப்பைப் பற்றிய பாடம் நீளமானதன்று. ஒரு முற்பகலுக்குள் ஓதி முடித்துவிடலாம். மருத்துவம் கற்றவன் என்று அறியப்படாத ஒருவன் நோயாளிக்கு மருந்து கொடுத்து, அதனால் உயிருக்கோ உறுப்புக்கோ கேடு நேர்ந்தால், ஈடு செய்யும் கடமை அவனையே சாரும். இதற்கு 'ளமான்' என்று பெயர். கலையைக் கற்றவன், உரியவரின் இசைவைப் பெற்று, முறை தவறாது செய்தும் கேடு நேருமாயின் அவன்மீது ளமான் இல்லை. ஹிஜ்ரி எட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த இப்னுல் கய்யிம் 'ஸாதுல் மஆத்' என்னும் தம் நூலில் இவ்வகையில் மருத்துவர்களை ஐந்தாகப் பிரித்து ஆராய்கிறார். அறிவு இருந்ததா, இசைவு இருந்ததா, கை தவறியதா என்பனவே அந்த ஆராய்ச்சியின் அடிப்படைக் கேள்விகள்.

இப்பாடத்தை முப்பது ஆண்டுகளாக ஓதிக் கொடுத்து வருகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் மாணவர் ஒருவர் எழுந்து, "ஹஜ்ரத், ஊரில் மருத்துவரே இல்லை. கைக்குழந்தை மூச்சுக்குத் திணறுகிறது. நாங்கள் கற்றவர்களல்லர் என்று எல்லாரும் ஒதுங்கி நின்றால், அப்போது ளமான் யார்மீது?" என்று கேட்டார். பர்ளு கிஃபாயாவைப் பற்றிச் சொல்லி விடை பகர்ந்தோம். ஊரில் சிலராவது செய்தாக வேண்டிய கடமை அது. ஒருவரும் செய்யாவிடில் ஊரார் அனைவரும் குற்றவாளிகள். மாணவர் நிறைவோடு அமர்ந்தார். நமக்குத்தான் நிறைவில்லை. ஏனெனில், அந்த இடத்தில் நாம் ஒருமுறை நின்றிருக்கிறோம்.

1991-ஆம் ஆண்டு, ஐப்பசி மாதத்து அடைமழை. நாம் மத்ரஸாவில் ஸனது பெற்று ஊர் திரும்பிச் சில மாதங்களே ஆகியிருந்தன. நம் தமக்கைக்கு இரண்டாவது குழந்தை பிறந்து பத்தாம் நாள். அந்தியிலிருந்தே குழந்தை பால் குடிக்கவில்லை. இஷாவுக்குப் பின் மூச்சு விரைந்தது. விலா எலும்புகளுக்குக் கீழே வயிற்றோரம் உள்ளே குழிந்து குழிந்து எழும்பியது. முனகல் ஒன்று விட்டு விட்டுக் கேட்டது. பிரசவம் பார்த்த மருத்துவச்சி வந்து பார்த்து, 'மாந்தம்' என்று சொல்லிவிட்டுப் போனார். மருத்துவமனை இருந்த ஊருக்குப் பத்து மைல். வழியிலிருந்த வாய்க்கால் பாலத்தின்மேல் வெள்ளம் ஓடியது. பெரியவர்கள், "ஆலிம்சா, ஓதிப் பாருங்கள்" என்று குழந்தையை நம் மடியில் கிடத்தினார்கள். ஓதி ஊதினோம். குழந்தையின் கால் குளிர்ந்திருந்ததைக் கண்டோம். அது எதன் அடையாளம் என்று நமக்குத் தெரியாது. தமக்கை நம் முகத்தையே பார்த்துக்கொண்டு, "தம்பி, விடியிற வரைக்கும் தாங்குமாடா?" என்று கேட்டார்கள். "இன்ஷா அல்லாஹ், விடியட்டும், கொண்டு போவோம்" என்றோம்.

சுபுஹுக்கு முன்பே குழந்தை மவுத்தாகிவிட்டது.

நாம் மருந்து எதுவும் கொடுக்கவில்லை. ஆகவே கிதாபின் எழுத்துப்படி நம்மீது ளமான் ஏதுமில்லை. இந்த ஆறுதலை நாமே பல ஆண்டுகள் சொல்லிக்கொண்டோம். பிற்பாடு யோசிக்கையில்தான் ஒன்று விளங்கியது. ஓதியதில் பிழையில்லை; அது நாம் கற்றது, நம் வேலை. ஆனால் 'விடியட்டும்' என்றோமே, அது ஓதலன்று. பல மணி நேரம் காத்திருக்கலாம் என்று நோயைக் கணித்துச் சொன்ன தீர்ப்பு அது. கற்காத ஒருவன் செய்த மருத்துவம். அச்சொல்லை நாம் சொல்லாதிருந்தால், பாலத்தில் வெள்ளம் வடியுமா என்று பார்க்கவாவது அத்தா புறப்பட்டிருப்பார்கள். போயிருந்தால் பிழைத்திருக்குமா என்பதை அல்லாஹ் அறிவான்.

நோய் வந்த வீட்டில் மருத்துவம் நடக்காமல் இருப்பதில்லை. பாட்டி செய்கிறாள், மருத்துவச்சி செய்கிறாள், பெட்டிக்கடைக்காரர் மாத்திரை எடுத்துத் தருகிறார், ஆலிம்சா 'விடியட்டும்' என்கிறார். ஆகவே, பட்டம் பெறாதவர் கையில் குழந்தையைக் கொடுக்கலாமா என்று கேட்பதே பொருளற்றது. குழந்தை ஏற்கெனவே அவர் கையில்தான் இருக்கிறது. அந்தக் கைக்கு ஏதேனும் கற்றுக் கொடுத்தோமா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

நம் மடியில் அந்தக் குழந்தை கிடந்த காலத்திலேயே, மகாராஷ்டிர மாநிலத்தின் கிழக்குக் கோடியில், காடடர்ந்த கட்சிரோலி மாவட்டத்தில் இக்கேள்விக்குச் சிலர் செயலால் விடை கூறிக்கொண்டிருந்தார்கள். இதை நாம் வெகு காலம் கழித்தே படித்தறிந்தோம். அபய் பங், ராணி பங் என்னும் மருத்துவத் தம்பதியர் அமெரிக்காவில் பொதுச் சுகாதாரம் பயின்று திரும்பி, 1986-இல் அங்கே குடியேறினர். கோண்டு இன மக்கள் மிகுதியாக வாழும் வட்டாரம் அது. குழந்தைகள் நிமோனியாவால் மடிந்துகொண்டிருந்தன. நிமோனியாவைக் கண்டறிய எக்ஸ்ரேயும் ஸ்டெதஸ்கோப்பும் இல்லாத இடத்தில் மூச்சை எண்ணினாலே பெரும்பாலும் போதும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட சிசு நிமிடத்துக்கு 60 தடவையோ அதற்கு மேலோ மூச்சு விட்டால் அபாயம். அதற்குமேல் ஒரு வயது வரை 50. ஆனால் அவ்வூர் மருத்துவச்சிகள் எழுதப் படிக்க அறியாதவர்கள். பத்துப் பன்னிரண்டுக்கு மேல் எண்ணிப் பழகாதவர்கள். அறுபதை எப்படி எண்ணுவது?

இதற்காக அவர்கள் செய்த கருவியை நினைக்குந்தோறும் நமக்கு வியப்பு அடங்குவதில்லை. ஒரு நிமிடத்தில் மணல் வடிந்து தீரும் கண்ணாடிக் குடுவை. அதன் பக்கத்தில் கம்பியில் கோத்த மணிகள். பத்து மூச்சுக்கு ஒரு மணியைத் தள்ள வேண்டும். மணல் தீரும் முன் சிவப்பு மணியைத் தள்ள நேர்ந்தால் அது நிமோனியா. தஸ்பீஹ் மணியை உருட்டத் தெரிந்த எந்தப் பாட்டிக்கும் இது ஏலும். எண்ணத் தெரியாதவள் என்று ஒதுக்காமல், அவளுக்குத் தெரிந்த எண்ணிலிருந்தே பாடத்தைத் தொடங்கினார்களே, அதைத்தான் கற்பித்தல் என்போம். நம்மைப் போன்ற ஆசிரியர்கள், மாணவனுக்குத் தெரியாததிலிருந்து தொடங்கிவிட்டு அவனை மந்தன் என்று ஏசுவதே வழக்கம்.

அடுத்த முயற்சி இன்னும் துணிவானது. பிறந்து 28 நாள் முடியாத சிசுக்களின் சாவை மருத்துவமனையிலன்றி வீட்டிலேயே தடுக்க முடியுமா என்று பார்த்தார்கள். 39 கிராமங்களில், அந்தந்த ஊர்ப் பெண்களையே தேர்ந்து பயிற்சி கொடுத்தார்கள். அவர்களுக்கு 'ஆரோக்கிய தூதர்' என்று பெயர். சிசுவை எடை போடுவது, குளிராமல் காப்பது, பால் குடிக்கச் செய்வது, பிறந்தவுடன் மூச்சு விடாத குழந்தைக்கு மூச்சூட்டுவது ஆகியவற்றைக் கற்பித்தார்கள். குருதியில் பரவும் தொற்றின் அடையாளங்களைக் கண்டால், பெற்றோரின் இசைவைப் பெற்ற பின் ஜென்டாமைசின் ஊசி போடவும் கற்பித்தார்கள். 1999-இல் 'லான்செட்' என்னும் மருத்துவ இதழில் முடிவு வெளியாயிற்று. இம்முயற்சி நடவாத 47 கிராமங்களோடு ஒப்பிட, மூன்றாம் ஆண்டில் சிசு மரணம் 62 விழுக்காடு குறைந்திருந்தது. தொற்றுக் கண்ட சிசுக்களில் முன்பு நூற்றுக்குப் பதினாறு பேருக்கு மேல் இறந்தன. இப்பெண்கள் மருந்து கொடுக்கத் தொடங்கிய பின் மூவருக்கும் குறைவு.

ஊசி போட்டவள் பட்டம் பெற்றவள் அல்லள். கிதாபின்படி அவள்மீது ளமான் உண்டா? உண்டென்று நாம் கருதவில்லை. 'கற்றவள் என்று அறியப்படுதல்' என்பது மேற்சுவரில் மாட்டும் சான்றிதழன்று. நம் கல்வி மரபில் இஜாஸத் ஒரு குறிப்பிட்ட கிதாபுக்கு வழங்கப்படுகிறது. ஒரு கிதாபுக்கு இஜாஸத் பெற்றவர் அதை ஓதிக் கொடுக்கலாம், மற்றொன்றைத் தொடலாகாது. அப்பெண்களுக்குக் கிடைத்ததும் அத்தகைய வரம்புடைய இஜாஸத்தே. இன்ன அடையாளங்கள், இன்ன மருந்து, இன்ன அளவு. அதற்கப்பால் மருத்துவமனைக்கு அனுப்பிவிட வேண்டும். பதினைந்து நாளுக்கொருமுறை மேற்பார்வையாளர் வந்து பார்ப்பார். அறிவும் இசைவும் வரம்பும் ஒருங்கே இருந்தன. பின்னும் தவறு நேர்ந்தால் பொறுப்பின் பெரும்பகுதி இஜாஸத் கொடுத்த உஸ்தாதையே சேரும் என்பது நம் கருத்து. அரைகுறையாகப் பயிற்றுவித்து, மருந்துப் பெட்டியைக் கையில் கொடுத்து, பின்பு எட்டிப் பாராதவரே ளமானுக்கு உரியவர்.

இதை மறுப்பவர்களும் உண்டு. "பணக்காரன் குழந்தைக்கு நிபுணர்; ஏழையின் குழந்தைக்கு எட்டாம் வகுப்புப் பெண்ணா?" என்கிறார் நம் நண்பரான மருத்துவர் ஒருவர். அவர் சினத்தில் நியாயம் இருக்கிறது. கிராமத்துப் பெண்ணைப் பயிற்றுவித்தோம் என்று சொல்லி மருத்துவமனை கட்டாமலும் பாலம் போடாமலும் இருக்கும் ஆட்சியாளர்களுக்கு அது நல்ல சாக்கு. ஊசி போடக் கற்றவர் நாளடைவில் எல்லா நோய்க்கும் ஊசி போடும் ஆபத்தும் மெய்யே. ஆயினும் அன்றிரவு நம் வீட்டு முற்றத்தில் நிபுணர் ஒருபக்கமும் பயின்ற பெண் மறுபக்கமும் நின்று, நாம் அவளைத் தேர்ந்தெடுக்கவில்லை. அவளும் இல்லாததனால் நாம் இருந்தோம். நிபுணர் வரும்வரை குழந்தை காத்திருக்குமானால் நண்பரின் வாதம் முழுமை பெறும். 2022-இல் உலகெங்கும் ஐந்து வயது நிரம்பாமல் இறந்த 49 லட்சம் குழந்தைகளில் 23 லட்சம் பேர் பிறந்து 28 நாள் முடிவதற்குள் இறந்தார்கள். 2015-இல் உலக சுகாதார நிறுவனமே, மருத்துவமனைக்கு அனுப்ப இயலாத இடத்தில் தொற்றுக் கண்ட சிசுவுக்கு அங்கேயே எளிய முறையில் மருந்து கொடுக்க வழிகாட்டியது.

நண்பர் சொல்லாத குறை ஒன்றை நாம் சொல்ல வேண்டும். 2011-இல் இந்திய அரசு வீட்டிலேயே சிசுப் பராமரிப்பை ஆஷா பணியாளர் வழியே நாடெங்கும் விரித்தது. ஆறு வாரங்களில் ஆறேழு முறை வீடு சென்று பார்க்கும் அப்பெண்ணுக்கு ஒரு சிசுவுக்கு 250 ரூபாய் என்று வகுத்தார்கள். மாதச் சம்பளமன்று, ஊக்கத்தொகை. பொறுப்பை ஒருவர் தோளில் ஏற்றிவிட்டு, அவளைத் தொண்டர் என்று அழைத்துக் கூலியைக் குறைப்பதும் ஓர் அநீதியே.

பயிற்சி என்பது சொல்லிக் கொடுப்பதோடு முடிவதில்லை என்பதற்கு வங்காளதேசத்தில் ஒரு நல்ல பாடம் உண்டு. அங்கே 'பிராக்' என்னும் அமைப்பு 1980 முதல் பத்து ஆண்டுகளில் ஒரு கோடியே இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் பெண் ஊழியர்களை அனுப்பி, வயிற்றுப்போக்கால் வாடும் குழந்தைக்கு உப்பு வெல்ல நீர் கரைக்கத் தாய்மாருக்குக் கற்பித்தது. மூன்று விரல் சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். பிற்பாடு வேறொருவர் சில வீடுகளுக்குப் போய், தாய்மார் எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று சோதிப்பார். அதற்கேற்பவே ஊழியருக்கு ஊதியம். (நம் மத்ரஸாக்களில் உஸ்தாதுகளின் சம்பளத்தை இப்படி அளந்தால் எத்தனை வீட்டு அடுப்பு எரியும் என்று எண்ணிப் பார்த்துக்கொண்டோம்.) தாய்மார் பாடத்தைப் பிசகாமல் ஒப்பித்தார்கள். ஆனால் குழந்தைக்கு நோய் வந்தபோது கரைத்துக் கொடுத்தவர்கள் மிகச் சிலரே. காரணம் தேடியபோது, கற்பித்த ஊழியர்களுக்கே அந்த நீரில் நம்பிக்கையில்லை என்று தெரியவந்தது. அதன்பின் அந்நீர் எப்படி வேலை செய்கிறது என்பதை ஊழியர்களுக்கு விளக்கினார்கள். தாய்மார் முன்னிலையில் ஊழியரே அதைக் குடித்துக் காட்டினார்கள். கடைத்தெருவிலும் பள்ளிவாசலிலும் ஆண்களுக்கும் எடுத்துரைத்தார்கள். பயன்படுத்துவோர் தொகை உயர்ந்தது.

இமாம் கஸ்ஸாலி 'இஹ்யா'வில், மருத்துவம் பர்ளு கிஃபாயாவாக இருந்தும் அதைக் கற்பாரின்றி ஊர்கள் கிடக்க, எல்லாரும் ஃபிக்ஹு கற்கவே நெருக்கிக்கொண்டு வருவதைக் கடிந்திருக்கிறார். அவருக்கும் முந்தி, ஏறத்தாழ 1100 ஆண்டுகளுக்கு முன், ரய்யிலும் பக்தாதிலும் மருத்துவமனைகளை நடத்திய அர்ராஸி ஒரு நூல் எழுதினார். 'மன் லா யஹ்ளுருஹுத் தபீப்' என்பது அதன் பெயர்; மருத்துவர் அருகில் இல்லாதவருக்கான நூல் என்பது பொருள். சந்தையிலும் அடுக்களையிலும் கிடைப்பனவற்றைக் கொண்டு ஏழையும் வழிப்போக்கனும் செய்துகொள்ள வேண்டிய சிகிச்சையை அதில் எழுதினார். தம் காலத்து மருத்துவர்களின் தலைவராயிருந்தவருக்கு, தாம் போய்ச் சேர முடியாத வீடுகளின்மீதும் தமக்குப் பொறுப்புண்டு என்று தோன்றியிருக்கிறது.

மாணவரின் அந்தக் கேள்விக்குப் பிறகு நாம் ஒரு வழக்கத்தை மேற்கொண்டிருக்கிறோம். ளமான் பாடம் வரும் வாரத்தில் கிராம சுகாதாரச் செவிலியரை மத்ரஸாவுக்கு அழைக்கிறோம். சென்ற ஆண்டு அவர், பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை ஒன்றை அதன் பாட்டியோடு கூட்டி வந்தார். நெஞ்சு குழிவது எப்படியிருக்கும், எந்தக் குழந்தையை ஒரு நாழிகையும் தாமதியாமல் அனுப்ப வேண்டும் என்று சொல்லிவிட்டு, மாணவர்களை மூச்சு எண்ணச் சொன்னார். முதலில் எண்ணியவர் அறுபத்திரண்டு என்று பதறினார். அழுதுகொண்டிருந்த குழந்தையை எண்ணினால் அப்படித்தான் வரும் என்றார் செவிலியர். பாட்டி குழந்தையை அமர்த்தும் வரை காத்திருந்து, அறுபதும் அதற்கு மேலும் வந்தால் மறுபடி எண்ணியே தீர வேண்டும் என்று சொல்லி, கடிகாரத்தை அவரிடம் மீண்டும் கொடுத்தார். இம்முறை நாற்பத்தாறு வந்தது.