வண்டி ஓட்டாதவருக்கு ஓர் ஊர்

வசிக்கும் ஊரைத் தாமே தெரிந்தெடுக்கும் சந்தர்ப்பம் எங்கள் மணலூர்பேட்டையின் முந்தைய தலைமுறையினரில் அநேகருக்கு வாய்த்ததில்லை. தென்பெண்ணைக் கரையில் நிலமுள்ளவர் நிலத்தோடு இருந்தார். கடை வைத்தவர் கடைத்தெருவோடு இருந்தார். பெண்களுக்கோ வாழ்க்கைப்பட்ட இடமே ஊராயிற்று. இன்று இதே மண்ணில் பிறந்து, பொறியியல் படித்து, சென்னையிலும் பெங்களூரிலும் சில காலம் உத்தியோகம் பார்த்து, கம்பெனியின் தயவால் மனைவி மக்களுடன் அமெரிக்கா புறப்படும் பிள்ளைகளுக்கு, ஒரு கண்டத்தின் குறுக்கே விரிந்து கிடக்கும் அந்தத் தேசத்தில் எந்த நகரம், எந்த வீதி, எந்த வீடு என்று தாமே நிச்சயித்துக்கொள்ளும் பொறுப்பு வந்து சேர்ந்திருக்கிறது.

என் தம்பி மகன் அவ்விதம் புறப்படும் சமயத்தில், கைபேசியில் ஒரு வரைபடத்தை விரித்துக் காட்டினான். ஒவ்வொரு பள்ளிக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் இருந்தது. "ஒன்பதுக்குக் கீழே இருக்கிற ஏரியா வேணாம் பெரியப்பா, வாடகை ஆயிரம் டாலர் கூடினாலும் பரவாயில்லை" என்றான். அதை வெறும் மோகம் என்று நான் தள்ளமாட்டேன். அமெரிக்காவில் அரசுப் பள்ளிகளுக்கு வேண்டிய பணத்தில் கணிசமான பங்கு அந்தந்த வட்டாரத்து வீட்டு வரியிலிருந்து கிடைக்கிறது. வீட்டு விலை உயர்ந்த இடத்தில் வரி உயர்கிறது, வரி உயர்ந்த இடத்தில் பள்ளி செழிக்கிறது, பள்ளி செழித்த இடத்தில் மறுபடியும் வீட்டு விலை உயர்கிறது. இந்தச் சுழலுக்குள் நுழைகிற தகப்பன் மதிப்பெண் பார்ப்பது நியாயமே. ஆனால் அந்த வரைபடத்தில் காணப்படாத ஒரு விஷயம் உண்டு. காலை ஒன்பது மணிக்குக் கணவன் அலுவலகமும் குழந்தை பள்ளியும் சென்றபின் அந்த வீட்டில் மீந்திருப்பவர் யார், அவர் எங்கே போவார் என்பதே அது.

இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின்னர், குறிப்பாக 1956-ஆம் வருஷத்து நெடுஞ்சாலைச் சட்டத்துக்குப் பின்னர், அமெரிக்கப் புறநகர்கள் காரை ஆதாரமாகக் கொண்டே வளர்ந்தன. வீடுகள் ஒரு பக்கம், கடைகள் வேறொரு பக்கம் என்று பிரித்துவைக்கப்பட்டிருப்பதால், கொத்துமல்லிக் கட்டு ஒன்று வாங்கவும் வண்டியெடுக்க வேண்டிய இடங்கள் அங்கே ஏராளம். நடைபாதையே இல்லாத வீதிகளும் உண்டு. கணவனின் எச்-1பி வேலை விசாவைச் சார்ந்து செல்லும் மனைவிக்கு 2015 வரையில் வேலை பார்க்கும் அனுமதியே கிடையாது. இன்றும் கணவனின் கிரீன் கார்டு மனு ஒரு குறிப்பிட்ட கட்டத்தை எட்டியிருந்தால்தான் உண்டு. அந்தக் கார்டிலோ எந்தத் தேசத்தாரும் நூற்றுக்கு ஏழு பங்குக்கு மேல் பெறலாகாது என்ற வரம்பு இருப்பதால், ஜனத்தொகை மிகுந்த நம் நாட்டவர் வருஷக்கணக்காகக் காத்திருக்கிறார்கள். தற்காலிகம் என்றெண்ணிப் பிடித்த வாடகை வீடு ஒரு பெண்ணின் இளமைப் பருவம் முழுவதையும் விழுங்கிவிடக் கூடும்.

மகளின் பிரசவத்துக்காகச் சென்று, வழக்கமாகக் கிடைக்கும் ஆறு மாத அனுமதியை அங்கே கழித்துத் திரும்பிய எங்கள் தெரு அம்மாள் ஒருவர் இருக்கிறார். விடியுமுன் வாசல் தெளித்துக் கோலமிட்டு, பால் வாங்கப் போகும் வழியில் நாலு வீட்டுச் சேதி கேட்டு வந்து பழகியவர். "வீடு அரண்மனையாட்டம்தான் இருந்துது. வாசல்ல வந்து நின்னா வர்ற ஆளும் இல்ல, போற ஆளும் இல்ல. காரேஜ் கதவு தானா தொறக்குது, கார் உள்ள போவுது, கதவு மூடிக்குது, அவ்வளவுதான்" என்றார். அவருடைய மகளும் மருமகனும் எந்தக் குறையும் வைக்கவில்லை. சனிக்கிழமைதோறும் கோயிலுக்கு அழைத்துச் சென்றிருக்கிறார்கள். மற்ற ஆறு நாளும் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

இதற்கு மாறான ஊர்களும் அத்தேசத்தில் இல்லாமலில்லை. நியூயார்க் நகரத்து ஃப்ளஷிங் அவற்றுள் ஒன்று. இந்தியாவுக்கு வருஷத்துக்கு நூறு பேர் என்று 1946-இல் வகுத்த அற்பக் கணக்கை 1965-ஆம் வருஷத்துச் சட்டம் நீக்கியபின் வந்து குடியேறியவர்களுக்காக, ஐக்கிய நாடுகள் சபையில் பணியாற்றிய அழகப்பா அழகப்பன் முதலானோர் 1970-இல் ஒரு சங்கம் அமைத்து, பௌன் வீதியில் ருஷ்ய கிறிஸ்தவ ஆலயம் இருந்த இடத்தை வாங்கி, 1977 ஜூலை 4-ஆம் தேதி மகா வல்லப கணபதிக்குக் கும்பாபிஷேகம் செய்வித்தார்கள். குவேக்கர் என்னும் கிறிஸ்தவப் பிரிவினரைத் துன்புறுத்தலாகாது என்று டச்சு ஆளுநருக்கு 1657-இல் விண்ணப்பம் எழுதிய ஊர் அது. தம் வீட்டில் அவர்களுக்குப் பிரார்த்தனை நடத்த இடம் தந்ததற்காகச் சிறைப்பட்ட ஜான் பௌனின் பெயரைத்தான் அந்த வீதி தாங்கி நிற்கிறது. வழிபாட்டுக்காக ஒருவர் சிறை சென்ற ஊரில் நம் பிள்ளையார் அமர்ந்திருப்பதை நினைக்கும்போதெல்லாம் என் மனம் நெகிழ்கிறது. கோயிலின் அடித்தளத்தில் தோசை கிடைக்கிறது. சுற்றிலும் வீடுகளும், சற்று எட்ட நடந்தால் கடைத்தெருவும், மன்ஹாட்டன் செல்லும் ஏழாம் எண் ரயிலும் இருக்கின்றன. பக்கத்து வீடுகளில் இருக்கும் பாட்டி எவர் தயவும் இன்றித் தாமே போய்க் கும்பிட்டு வரலாம். நியூ ஜெர்சியில் எடிசனையும் ஐசெலினையும் ஊடுருவிச் செல்லும் ஓக் ட்ரீ சாலையை ஒட்டிய வீடுகளுக்கும் இந்தச் சௌகரியம் ஓரளவு உண்டு.

இத்தகைய இடங்களில் அறைகள் குறுகலாயிருக்கும், வாடகை அதிகம், பனிக்காலத்தில் நடையும் முடங்கும். பள்ளியின் மதிப்பெண் ஒன்றிரண்டு குறைவாகவும் இருக்கலாம். அப்படியும் நான் இவற்றின் பக்கமே நிற்பேன். தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழாவுக்குத் திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் எங்கள் தென்பெண்ணைக்கு எழுந்தருளி, தீர்த்தவாரி கண்டருளுகிறார். அன்று மணலில் கூடும் கிழவிகளையும் சிறுவர்களையும் எவரும் காரில் கொண்டுவந்து இறக்கவேண்டியதில்லை; அழைப்பும் வேண்டியதில்லை. அழைப்பின்றி மனிதர் முகம் பார்க்கக் கிடைப்பதையே நான் ஊர் என்று கருதுகிறேன். குழந்தைக்குக் கணக்கைப் பிற்பாடும் சொல்லிக்கொடுக்கலாம். தாயும் பாட்டியும் ஒடுங்கிப்போன வீட்டில் அதற்குக் கிடைக்காமற்போவதைப் பிற்பாடு கொடுக்க வழியில்லை.

ஆகவே, அமெரிக்கா செல்லவிருக்கும் தம்பிமார்களிடம் நான் வேண்டுவது இதுதான்: ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன், வேலை நாளொன்றில் முற்பகல் பத்து மணிக்கு உங்கள் மனைவியுடன் அந்த வீட்டு வாசலிலிருந்து கால்நடையாகப் புறப்பட்டு அரை மணி நேரம் நடந்து பாருங்கள். வழியில் ஒரு கடையோ, பூங்காவோ, நூலகமோ, பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரோ தென்படாவிட்டால், வாடகை மலிவாயிருந்தாலும் அந்த வீட்டை விட்டுவிட்டு வேறு வீடு பாருங்கள்.