எதை மீட்பது?

அப்பாவின் அம்பாசிடர் 1969ஆம் ஆண்டு வண்டி. அவர் இறந்தபிறகு, அரும்பாவூர் வீட்டுக் கொட்டகையில் தார்ப்பாய் மூடிக் கிடந்த அதைப் பழையபடி ஆக்கிப் பார்க்கவேண்டும் என்று எனக்கு ஆசை வந்தது. தம்பிக்கு விற்றுவிடுவதில்தான் விருப்பம். பழைய கார்களைச் சேகரிக்கும் ஒருவரை அவனே அழைத்து வந்தான்.

வந்தவர் பானட்டைத் திறந்தார், பார்த்தார், மூடினார். “டீசல் என்ஜின் மாத்திட்டீங்களே மேடம். அந்தக் காலத்து பெட்ரோல் என்ஜினத் தேடிப் போட்டுட்டு வாங்க, விலையே வேற” என்றார்.

உலகம் முழுக்க இதே பேச்சுதான். அமெரிக்காவில் 1960களில் வந்த பான்டியாக் ஜிடிஓ, டாட்ஜ் சார்ஜர் போன்ற ‘மசில் கார்’களை ஏலத்தில் எடுப்பவர்கள், தொழிற்சாலையில் பூட்டிய அதே என்ஜின்தானா என்று எண்களை ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். எண் பொருந்தினால் விலை ஏறும். நம் நாட்டிலும் 2021இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, 50 ஆண்டு கடந்த காரைப் பழம்பெரும் வாகனமாகப் பதிய அது மூல வடிவிலேயே இருந்தாக வேண்டும். சேஸிலோ கூட்டிலோ என்ஜினிலோ பெரிய மாற்றம் நடந்திருக்கக் கூடாது.

இதைக் கேட்டதும் எனக்குக் கற்பு என்ற சொல்தான் நினைவுக்கு வந்தது. முதல் நாள் எதனோடு சேர்க்கப்பட்டதோ அதனோடு கடைசிவரை இருப்பதே மதிப்பு. இடையில் வாழ்ந்த வாழ்க்கை முழுவதும் கறை. ஆனால் அவரைப் பார்த்துச் சிரிக்க எனக்கும் தகுதியில்லை. முனைவர் பட்டத்துக்காக ஆண்டுக்கணக்கில் மூலபாடம் தேடியவள் நான். பின்னால் யாரோ எழுதிச் சேர்த்த வரிகளை ‘இடைச்செருகல்’ என்று ஒரே சொல்லில் ஒதுக்கியிருக்கிறேன். சேர்த்தவர் யார், எந்த நெருக்கடியில் சேர்த்தார் என்று கேட்டதில்லை.

எங்கள் காரின் இடைச்செருகலுக்கு ஒரு கதை உண்டு. நெல் வியாபாரம் நொடித்து, பெட்ரோல் போட்டுக் கட்டுப்படியாகாமல் வண்டி நின்றபோது, அம்மா தன் மூன்று பவுன் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தார். அதை அடகு வைத்த பணத்தில்தான் டீசல் என்ஜின் வந்தது. அந்த வண்டி ஓடித்தான் நாங்கள் படித்தோம். வட்டி கட்ட முடியாமல் சங்கிலி மூழ்கிப்போனது. ஆர்சி புத்தகத்தில் எரிபொருள் மாறியது பதிவாகியிருக்கிறது. உரிமையாளர் அப்பா. அப்பாவுடைய அப்பாவின் பெயரும் இருக்கிறது. சங்கிலிக்கு அதில் இடமில்லை.

அப்படியானால் வண்டியை எந்த ஆண்டுக்கு மீட்பது? 1969க்கு மீட்டால் அப்பா வாங்கிய கார் கிடைக்கும். அம்மா ஓடவைத்த கார் பழைய இரும்புக்குப் போய்விடும்.

எங்கள் ஊர் மரச்சிற்பத்துக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பச்சைமலை மரங்களில், வாகையிலும் வேம்பிலும், ஒரே கட்டையில் உருவம் முழுவதையும் செதுக்கி எடுப்பார்கள். கோயில் தேருக்கும் நம் ஊர்களில் மரச்சிற்பம்தான் அழகு. உளுத்த பலகையைக் கழற்றிப் புதிதாகச் செதுக்கிப் பூட்டுகிறோம். திருவாரூர் ஆழித்தேருக்கு இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும்கூட வந்துவிட்டன. அது ஆழித்தேர் இல்லை என்று யாராவது சொல்கிறார்களா? இழுக்கிறவர்கள் இருக்கும்வரை தேர் தேர்தான். வெறுமனே நிறுத்திப் பார்க்கிறவர்களுக்குத்தான் ஆதி வடிவம் வேண்டும்.

டீசல் என்ஜினை மாற்றுவதில்லை என்று முடிவு செய்தேன். சிரமப்பட்டாவது வண்டியை அப்படியே ஓடவைத்து, அம்மாவின் தியாகத்தின் சாட்சியாக வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். இதைப் பெருமையாக அம்மாவிடம் சொன்னேன். முறத்தில் சின்ன வெங்காயத்தை வைத்து ஆய்ந்துகொண்டிருந்தவர் நிமிரவில்லை.

“சாட்சிய வச்சு என்னடி பண்றது? வித்துட்டு எனக்கு ஒரு சங்கிலி வாங்கிக் குடுங்க.”

எனக்கு முகம் சுண்டிப்போனது. சேகரிப்பவர் காரில் தேடிய தூய்மையை நான் அம்மாவின் தியாகத்தில் தேடியிருக்கிறேன். அவர் கழற்றிக் கொடுத்ததைப் போற்றத் தயாராக இருந்தேன். திருப்பித் தர எனக்குத் தோன்றவே இல்லை. அடகு நகையை எடுப்பதற்கும் மீட்பது என்றுதான் பெயர். தமிழ் படித்த எனக்கு அந்தப் பொருள் நினைவில் இல்லை. அம்மாவுக்கு இத்தனை ஆண்டுகளாக அது ஒன்றுதான் பொருள்.

காரை டீசல் என்ஜினோடு, இருந்த நிலையிலேயே விற்றோம். வந்த விலைக்கு மூன்று பவுன் கிடைக்கவில்லை. குறைந்ததை நானும் தம்பியும் போட்டோம். நகைக்கடையில் பில் யார் பெயருக்கு என்று கேட்டார்கள். அம்மா ஒருகணம் தம்பியைப் பார்த்தார். பிறகு தன் பெயரைச் சொன்னார்.