நூல் நம்முடையது, பாடு யாருடையது?

120 கிலோ எடையுள்ள மீனை 60 கிலோ தாங்கும் நூலில் பிடித்து வந்தால் கைகுலுக்குவார்கள். அதே மீனை 6 கிலோ மட்டுமே தாங்கும் நூலில் பிடித்து வந்தால் பெயரைப் பதிவேட்டில் ஏற்றுவார்கள். பொழுதுபோக்காகக் கடலில் தூண்டில் போடுகிறவர்களின் உலகம் அப்படி. 1939இல் தொடங்கப்பட்ட சர்வதேச விளையாட்டு மீன்பிடிச் சங்கம், நூல்களைத் தாங்குதிறன்படி 2 பவுண்டிலிருந்து 130 பவுண்டு வரை வகை பிரித்து வைத்திருக்கிறது. வகைக்கு ஒரு சாதனைப் பட்டியல். நூலின் தாங்குதிறனைப்போல ஐந்து மடங்கு, பத்து மடங்கு, இருபது மடங்கு எடையுள்ள மீனைக் கொண்டுவந்தவர்களுக்குத் தனி மரியாதை. சாதனை படைத்தேன் என்று விண்ணப்பித்தால் மீன் பிடித்த நூலில் ஒரு துண்டையும் சேர்த்து அனுப்ப வேண்டும். சொன்ன அளவுக்குமேல் அது வலுவாக இருக்கிறதா என்று சோதித்துப் பார்ப்பார்கள். நூல் அறுகிறதே என்று கவலைப்படுகிற தொழிலில், நூல் அறாமல் போய்விடுமோ என்று சந்தேகப்படுகிற இடம் இது ஒன்றுதான்.

கையில் வலுவான நூல் இருக்க, அறுந்துபோகக்கூடியதை ஒருவர் ஏன் எடுக்க வேண்டும்? மீன் பிடிக்காதவர்களுக்கும் இந்தக் கேள்வி உண்டு. வசதி இருந்தும் வேண்டாம் என்கிறவர்கள், சுற்றுவழியையே தேர்ந்தெடுக்கிறவர்கள், தானே ஒரு விதியைப் போட்டுக்கொண்டு அதற்குள் வாழ்ந்து காட்டுகிறவர்கள் நம் எல்லார் குடும்பத்திலும் இருக்கிறார்கள். நாமே அப்படி இருக்கலாம்.

மெல்லிய நூலின் கதை கலிஃபோர்னியாவுக்கு எதிரே உள்ள சாண்டா கட்டலினா தீவில் தொடங்குகிறது. இயற்கை ஆய்வாளரும் எழுத்தாளருமான சார்லஸ் ஃபிரெடரிக் ஹோல்டர் 1886இல் அங்கே போனபோது, சுற்றுலா வந்தவர்கள் தடித்த கைக்கயிற்றைக் கடலில் விட்டு, பெரிய பெரிய மீன்களை மடமடவென்று இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். தின்பதற்கு ஆளில்லை, கரையில் கிடந்து நாறின. இது விளையாட்டே அல்ல என்று அவருக்குப் பட்டது. 1898இல் ராடு என்ற தூண்டில் கோலும் ரீல் என்ற நூல்சுற்றும் உருளையும் கொண்டு 183 பவுண்டு நீலத்துடுப்புச் சூரை ஒன்றைப் பிடித்தார். ஏறக்குறைய நான்கு மணி நேரம் அது படகை இழுத்துக்கொண்டு போனது. அதே ஆண்டு தீவின் அவலான் ஊரில் சூரை மன்றம் ஒன்றை நிறுவினார். 24 இழை லினன் நூலுக்கு மேல் போகாமல் 100 பவுண்டைத் தாண்டிய சூரையைப் பிடித்தவரே முழு உறுப்பினர். பத்தாண்டுக்குள் அந்த நூலும் தடிமனாகத் தெரிந்தது. மன்றத்தைச் சேர்ந்த தாமஸ் பாட்டர் 9 இழை, பிறகு 6 இழை என்று இறக்கிக்கொண்டே போனார்.

அந்தக் காலத்து ரீலில் இன்றுள்ள டிராக் என்ற தடுப்புப் பொறி கிடையாது. மீன் ஓடினால் கைப்பிடி பின்பக்கமாகச் சுழன்று விரல் முட்டிகளைப் பெயர்க்கும். தோல் பட்டையைக் கட்டைவிரலால் அழுத்தித்தான் ஓட்டத்தை அடக்க வேண்டும். மெல்லிய நூலைத் தேர்ந்தெடுத்தவர்கள் தங்கள் கைகளையும் கொடுத்தார்கள் என்பதற்காக இதைச் சொல்கிறேன். மீனுக்கும் தப்பிக்க ஒரு வழி வேண்டும், இரண்டு பக்கமும் தோற்கக்கூடிய ஆட்டமாக இருக்க வேண்டும் என்பது அவர்களது நியாயம். அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

6 கிலோ நூல் 120 கிலோ மீனை எப்படித் தாங்குகிறது? தாங்குவதே இல்லை. தண்ணீருக்குள் மீனின் எடையைத் தண்ணீரே சுமந்துகொள்கிறது. நூலின்மேல் விழுவது அதன் ஓட்டம் மட்டும்தான். ரீலில் உள்ள டிராக்கை நூலின் தாங்குதிறனில் கால் பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்கு இழுவைக்கு முடுக்கி வைத்திருப்பார்கள். அதற்குமேல் மீன் இழுத்தால் நூல் அறுவதற்குப் பதிலாக ரீல் சுழன்று நூலைக் கொடுத்துவிடும். ராடு வளைந்து திடீர் வெட்டுகளை வாங்கிக்கொள்ளும். நூலைக் கொடுப்பது, மீன் நிற்கும்போது சுற்றி எடுப்பது, மறுபடி கொடுப்பது. மீன் களைக்கும்வரை இதுதான் வேலை.

இதில் பழக்கமில்லாதவர்கள் தவறாமல் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. மீன் நீண்ட தூரம் ஓடுகிறது, ரீலில் நூல் குறைந்துகொண்டே வருகிறது. பதற்றத்தில் கை தானாக டிராக்கை இறுக்கப் போகும். செய்யவேண்டியது நேர் எதிர். ரீலில் நூல்சுற்று மெலிய மெலிய, அதே டிராக் நூலை இன்னும் கடுமையாகப் பிடிக்கும். சுற்றின் விட்டம் பாதியானால் நூலின்மேல் விழும் இழுவை இரண்டு மடங்காகும். வெளியே போன நூலை நீர் வேறு பிடித்து இழுக்கும். ஆகவே மீன் தூரம் போகப்போக டிராக்கைத் தளர்த்த வேண்டும். கைவிட்டுப் போகிறது என்று தோன்றுகிற கணத்தில்தான் பிடியை இளக்க வேண்டியிருக்கிறது. வளர்ந்த பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்பிவிட்டு மணிக்கொருதரம் தொலைபேசியைப் பார்க்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தடித்த கயிறு வைத்திருப்பவருக்கு இந்தப் பாடம் வரவே வராது. அவர் இறுக்கினாலும் கயிறு அறாது.

அதனால் தானே போட்டுக்கொள்கிற கட்டுப்பாட்டின்மேல் எனக்கு மரியாதை உண்டு. வெண்பா எழுதுகிறவர் தளை தட்டாமல் ஒரு சொல்லைத் தேடுகிறபோது, தளை இல்லாவிட்டால் நினைத்தே பார்த்திராத சொல் ஒன்று வந்து நிற்கும். மெல்லிய நூலும் அப்படி, பலத்தால் ஆகாததைப் பக்குவத்தால் முடிக்கக் கற்றுத்தருகிறது. 1967இல் ஈக்குவடார் கடலில் லீ வுல்ஃப் என்ற அமெரிக்கர், இறகுத் தூண்டில் கட்டிய 12 பவுண்டு நூலில் 148 பவுண்டு வரி மார்லின் ஒன்றைப் பிடித்தார். மெல்லிய நூல் ஒரு மனிதரிடமிருந்து எதை வெளியே கொண்டுவரும் என்பதற்கு அது போதும்.

ஆனால் வெண்பாவில் தளை தட்டினால் கஷ்டப்படுவது புலவர் ஒருவர்தான். தூண்டிலுக்கு இரண்டு முனை.

1968 ஜனவரியில் நியூசிலாந்தின் டவுரங்காவுக்கு அப்பால், மேயர் தீவை ஒட்டிய கடலில் டோனல் ஹீட்லி என்பவரின் தூண்டிலில் கறுப்பு மார்லின் ஒன்று மாட்டியது. 1,500 பவுண்டு இருக்கலாம் என்பது மதிப்பீடு. அந்த மீனுக்கு முன்னால் எந்த நூலும் மெல்லிய நூல்தான். 12 டன் படகை 50 மைல் தூரம் இழுத்துக்கொண்டு போனது. 32 மணி நேரமும் ஐந்து நிமிடமும் கழித்து நூல் அறுந்தது. மனிதனுக்கும் மீனுக்கும் நடந்த மிக நீண்ட மல்லுக்கட்டு என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. அந்த மதிப்பீட்டையும் தாண்டிய எடையுள்ள மீன் ஒன்றை ஆல்ஃபிரட் கிளாசல் 1953இல் பெருவின் காபோ பிளாங்கோவில், பெருமீனுக்கென்றே செய்த கனத்த சாமான்களை வைத்துப் பிடித்திருக்கிறார். 1,560 பவுண்டு கறுப்பு மார்லின். அதற்கு ஆன நேரம் ஒன்றே முக்கால் மணி.

ஹீட்லியின் கதையை எல்லாரும் வியந்து சொல்கிறார்கள். அந்த 32 மணி நேரமும் மீனுக்கு எப்படி இருந்திருக்கும்? சூரையும் மார்லினும் நீந்திக்கொண்டே இருந்தால்தான் செவுளுக்குள் நீர் பாய்ந்து மூச்சு ஓடும். ஓடித் தப்பிக்கப் பயன்படும் வெண்தசை ஆக்சிஜன் போதாமல் வேலை செய்யும்போது உடம்பில் லாக்டிக் அமிலம் சேர்கிறது. இழுபறி நீள நீள அது ஏறும். கடைசியில் விடுவித்தாலும் சில மீன்கள் தேறுவதில்லை. களைத்த மீனைச் சுறா தேடி வரும். அமெரிக்க மேற்குப் பகுதிச் சாகசக் கதைகள் எழுதிய ஸேன் கிரே 1930இல் டஹிடியில் பிடித்த மார்லின் 1,040 பவுண்டு. ராடும் ரீலும் கொண்டு ஆயிரம் பவுண்டைத் தாண்டிய முதல் மீன் அது. படகில் ஏறும்போது சுறாக்கள் கடித்தது போகத்தான் அந்த எடை.

தூத்துக்குடிக் கடலில் ஒருமுறை எங்கள் சித்தப்பாவின் வள்ளத்தில் ராடை எடுத்துக்கொண்டு போயிருந்தேன். அவர் ஆயுசு முழுக்கத் தூண்டிலிலும் வலையிலும் பிழைத்தவர். என் மெல்லிய நூலில் சூரை ஒன்று மாட்டியது. டிராக் கிறீச்சிட, நான் கொடுத்தும் எடுத்தும் ஆடிக்கொண்டிருந்தேன். அவர் எஞ்சினை அணைத்துவிட்டு நூலைச் சுண்டிப் பார்த்தார்.

“என்னல இது, சட்டை தைக்க நூலா? தடியான தங்கூஸ் கொண்டாரலியா?”

“இருக்கு சித்தப்பா. வெளையாட்டுக்குத்தான் இதப் போட்டேன்.”

“ஒனக்கு வெளையாட்டு. சீக்கிரம் ஏத்துல, ரொம்ப நேரம் இழுத்தா சத நல்லாருக்காது. வெலயும் போவாது.”

அவர் மீனுக்காகப் பரிந்து பேசவில்லை, தொழில் பேசினார். சூரை வாங்குகிற ஜப்பானியச் சந்தையிலும் இது தெரிந்த விஷயம். நெடுநேரம் போராடிய சூரையின் உடற்சூடு ஏறி, தசை வெளிறி, வெந்ததுபோல் தொளதொளத்துப் போகும். அதற்கு விலை கிடைக்காது. பிழைப்புக்காகப் பிடிக்கிறவர் சீக்கிரம் முடிக்கப் பார்க்கிறார், கயிற்றைத் தடிமனாகவே எடுக்கிறார். மீன் தேவைப்படாதவர்தான் போராட்டத்தை நீட்டிக்க முடியும். மெல்லிய நூல் எளிமைபோலத் தெரிந்தாலும் அது வசதியிலிருந்து பிறப்பது. அந்த வசதியின் செலவு மறுமுனையில் விழுகிறது.

இதைப் புரிந்துகொண்டபின் என் கண்ணுக்குத் தெரிந்த மனிதர்கள் வேறு மாதிரித் தெரிய ஆரம்பித்தார்கள். எங்கள் உறவில் பெரியவர் ஒருவர். வாழ்நாள் முழுவதும் வண்டி வாங்கவில்லை, ஆட்டோவிலும் ஏறமாட்டார். எங்கேயும் நடைதான். ஊரே அவரது எளிமையை மெச்சியது, நானும் மெச்சினேன். சந்தையிலிருந்து வருகிற வழியில் அவர் குடையோடு முன்னே நடப்பார். பத்தடி பின்னால், இரண்டு கையிலும் காய்கறிப் பைகளோடு பெரியம்மா வருவார். பையின் கைப்பிடி உள்ளங்கையில் சிவப்பாகப் பதிந்திருக்கும். ஆட்டோ வேண்டாம் என்று விரதம் எடுத்தவர் அவர். அந்த விரதத்தைச் சுமந்தவர் பெரியம்மா.

இன்னும் எத்தனையோ. பாதி ஆட்களை வைத்தே வேலையை முடித்தேன் என்று மார்தட்டுகிற மேலாளருக்குப் பின்னால், ராத்திரி பத்து மணிக்கு வீடு திரும்புகிற அந்தப் பாதி ஆட்கள் இருக்கிறார்கள். யாரிடமும் கைநீட்டமாட்டேன் என்கிற தன்மானத்துக்குப் பின்னால், கல்லூரிக் கட்டணத்துக்குக் கடைசி நாள் வரை காத்திருக்கிற பிள்ளை இருக்கிறது. கொள்கை பொய் அல்ல, எடுத்தவர்களும் கெட்டவர்கள் அல்ல. கொள்கை ஒருவர் பெயரிலும் அதன் தவணை இன்னொருவர் பெயரிலும் இருக்கிறது என்பதுதான் சிக்கல். புகழ் மட்டும் தவணை கட்டுகிறவருக்குப் போய்ச் சேர்வதில்லை.

இதற்காக எல்லாரும் தடித்த கயிற்றுக்குத் திரும்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஹோல்டர் பார்த்த கரை மறுபடியும் வேண்டாம். தூண்டில்காரர்களே இதற்குச் சில வழிகள் கண்டிருக்கிறார்கள். தொண்டைக்குள் இறங்காமல் வாயோரத்தில் மாட்டுகிற வட்டமுள்ளைக் கட்டுகிறார்கள். எடை போடக் கரைக்குக் கொண்டுவந்தால்தான் சாதனை என்றிருந்ததை மாற்றி, 2011 முதல் நீளத்தை அளந்துவிட்டு உயிரோடு விடுகிற சாதனைக்கும் பட்டியல் வைத்திருக்கிறார்கள். அவர்களில் நல்ல கைக்காரர்கள், தங்கள் திறமையால் சீக்கிரம் முடிக்க முடிகிற அளவுக்குத்தான் நூலை மெலிதாக்குகிறார்கள். நேரம் நீண்டால் மீன் படகருகே வரட்டும் என்று காத்திராமல் தாங்களே நூலை அறுத்துவிடுகிறவர்களும் உண்டு. பட்டியலில் அவர்கள் பெயர் ஏறாது. என் கணக்கில் அவர்கள்தான் மெல்லிய நூலுக்குத் தகுதியானவர்கள்.

ஒரு கட்டுப்பாட்டை ஏற்குமுன் அது எவ்வளவு கடினமானது என்றுதான் நாம் வழக்கமாகக் கேட்டுக்கொள்கிறோம். கடினமாக இருந்தால் உயர்ந்தது என்றும் நினைத்துக்கொள்கிறோம். அதைவிட முதலில் கேட்க வேண்டியது, அந்தக் கடினம் யார் நேரத்திலிருந்தும் யார் உடம்பிலிருந்தும் எடுக்கப்படுகிறது என்பது. என் உடம்பும் என் நேரமும் மட்டும் என்றால் நூல் எவ்வளவு மெலிந்தாலும் எனக்குப் பெருமைதான். இன்னொருவர் மறுமுனையில் இருந்தால், அவர் தாங்குகிற அளவே என் நூலின் அளவு. இந்த நூல் உனக்குச் சம்மதமா என்று மீனிடம் கேட்க வழியில்லை. வீட்டிலும் வேலையிடத்திலும் கேட்கலாம், கேட்டால் பதில் சொல்வார்கள்.