புகழும் பழியும்

1938 செப்டம்பர் 30 அன்று, மூனிச் நகரில் ஹிட்லரோடு உடன்பாடு கண்டு திரும்பிய பிரிட்டிஷ் பிரதமர் நெவில் சேம்பர்லினை இலண்டன் மக்கள் திரண்டு வாழ்த்தினர். 1939-இல் போர் மூண்டது. 1940-இல் அவர் பதவி விலகினார். வாழ்த்திய நாடே அவரைத் தூற்றியது. 1960-களின் இறுதியில் அரசு ஆவணங்கள் வெளிவந்தபின், அவர் ஆட்சியில் வான்படை வலுப்பெற்றதை வரலாற்றாசிரியர் சிலர் எடுத்துக்காட்டினர்.

செயல் மாறவில்லை, அளவுகோலே மாறியது. செக்கோஸ்லோவாகியாவின் நிலத்தை அந்நாட்டாரைக் கேளாமலே விட்டுக்கொடுத்தது, மக்கள் வாழ்த்திய அன்றும் பிழையே. வாழ்த்தியோர் பலர், பழி சுமந்தவரோ ஒருவர். ஆகவே, ஒருவரைத் தூற்றுமுன் அப்பிழையில் நம் பங்கு எவ்வளவு என்று நாம் வினவிக்கொள்வோமாக.