முதல் ஆயிரம் பேர்

தமிழ்நாட்டில் ‘கவுன்சிலிங்’ என்ற சொல்லின் முதல் பொருள் மனம் சம்பந்தப்பட்டதல்ல. ப்ளஸ் டூ முடித்த பிள்ளை இருக்கும் எந்த வீட்டிலும் கேட்டுப்பாருங்கள். கட்-ஆஃப், தரவரிசை, எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு என்றுதான் பேச்சு போகும். அடுத்த பொருள், வெளிநாட்டுப் படிப்புக்கு ஆள் அனுப்புகிறவர்களுடையது. மன உளைச்சலோடு ஒருவர் இன்னொருவர் முன்னால் உட்கார்ந்து பேசுவது என்ற பொருள் மூன்றாவதாகத்தான் வந்து சேர்ந்தது. வேளச்சேரியில் விஜயநகர் பேருந்து நிலையத்தில் இறங்கி நூறடி சாலையிலோ தரமணி சாலையிலோ கொஞ்ச தூரம் நடந்தால் மூன்று வகைப் பலகைகளையும் பார்த்துவிடலாம். மூன்றாவது வகை சமீப வருடங்களில் பெருகியிருக்கிறது. அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஒரு தலைமுறைக்கு முன்னால் வீட்டுக்குள்ளேயே புதைத்துவிட்ட விஷயங்களை இன்று மாடிப்படி ஏறிப்போய் யாரிடமாவது சொல்ல முடிகிறது.

கேள்வி வேறு. அந்தப் பலகையை மாட்டுவதற்கு முன் ஒருவர் என்ன செய்திருக்க வேண்டும்?

இந்தியச் சட்டம் இதற்குப் பாதி பதில்தான் வைத்திருக்கிறது. ‘கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்’ என்று போட்டுக்கொள்ள வேண்டுமென்றால் 1992ஆம் வருடச் சட்டத்தின்படி இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். அதற்கு நெடுங்காலமாக இருந்துவந்த வழி இரண்டாண்டு எம்.ஃபில். படிப்பு. நோயாளிகளைப் பார்ப்பதும், பார்த்ததை ஆசிரியர் முன் வைத்துப் பதில் சொல்வதும் அந்தப் படிப்பின் பெரும்பகுதி. பதிவில்லாமல் தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் பலகையில் வெறுமனே ‘கவுன்சிலர்’ என்று எழுதிக்கொண்டவரை அந்தச் சட்டம் பெரும்பாலும் தொடவில்லை. 2021இல் வந்த துணைநிலை மற்றும் சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம்தான் ஆலோசகர்களையும் தன் அட்டவணையில் சேர்த்தது. அதன்கீழ் பதிவுமுறை மெதுவாகத்தான் உருப்பெறுகிறது. அந்தச் சட்டத்துக்கும் மணிக்கணக்கு உண்டு: சுகாதாரத் தொழிலர் ஆவதற்கான பட்டப்படிப்பு 3600 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது என்கிறது. ஆனால் அது படிப்பின் நீளம். படித்து முடித்தபின் ஒருவருடைய கண்காணிப்பில் இத்தனை மணி நேரம் பழகியாக வேண்டும் என்பது வேறு விஷயம்.

அந்த வேறு விஷயத்தை அமெரிக்கர்கள் மிகக் கறாராக எடுத்துக்கொண்டார்கள். ஆலோசகர்களுக்கு உரிமம் என்பது அங்கே 1976இல் வர்ஜீனியாவில் தொடங்கியது. கடைசியாக 2009இல் கலிஃபோர்னியா சேர்ந்தது. டெக்சஸில் முதுகலைப் படிப்பை முடித்தவர் மேற்பார்வையின் கீழ் 3000 மணி நேரம் வேலை செய்தாக வேண்டும். அதில் பாதி, 1500 மணி நேரம், எதிரில் ஓர் ஆளை உட்காரவைத்துப் பேசியதாக இருக்க வேண்டும். அதுவரை அவர் ‘அசோசியேட்’தான். பிரிட்டன் இன்னொரு வழியில் போனது. அங்கே ‘கவுன்சலர்’ என்ற பெயருக்குச் சட்டப் பாதுகாப்பே கிடையாது. ஆனால் அங்குள்ள பெரிய தொழில்முறை அமைப்பான பி.ஏ.சி.பி., தொழில் செய்யும் ஒவ்வோர் உறுப்பினரும் மாதம் ஒன்றரை மணி நேரமாவது மேற்பார்வையில் உட்கார வேண்டும் என்கிறது. முப்பது வருட அனுபவம் இருந்தாலும் விலக்கு இல்லை.

இரண்டுக்கும் பின்னால் வெவ்வேறு மனிதப் படம் இருக்கிறது. முதலாவதில் மேற்பார்வை ஓர் ஏணி. ஏறி முடித்ததும் தள்ளிவிடலாம். இரண்டாவதில் அது மாடிப்படியின் கைப்பிடி. எத்தனை வருடம் ஏறி இறங்கினாலும் கை அதன்மேல் இருக்கும்.

நம்மிடம் இதைப் பற்றி ஒரு பழமொழி இருக்கிறது: ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன். இதைக் கேட்டதும் யாராவது ஒருவர் உடனே திருத்துவார்: அது ‘பேரை’ இல்லை, ‘வேரை’, ஆயிரம் வேரைக் கண்டவன் அரை வைத்தியன். எது மூலம் என்ற சண்டை எனக்கு முக்கியமல்ல. ஆனால் ஏன் திருத்தத் தோன்றுகிறது என்பது முக்கியம். முதல் வடிவம் ஓர் அசௌகரியமான உண்மையைச் சொல்கிறது. எந்தக் கைத்தொழிலும் கெடுத்துக் கெடுத்துத்தான் வரும். தச்சன் கெடுத்தது மரம், தையல்காரர் கெடுத்தது துணி. வைத்தியம் கற்கிறவன் கெடுப்பதற்கு என்ன இருக்கிறது? அறுவை மருத்துவர் முதலில் பொம்மையில் தையல் போட்டுப் பழகலாம். மனம்விட்டுப் பேசுகிறவரைக் கேட்பதற்குப் பொம்மை கிடையாது. வகுப்புத் தோழியை நோயாளியாக நடிக்கவைக்கலாம். ஆனால் நடிக்கிறவள் மணி அடித்ததும் எழுந்து காபி குடிக்கப் போய்விடுவாள். என்றைக்காவது ஒருநாள், நிஜமாகவே தூங்காத ஒருவர் வந்து எதிரில் உட்காரத்தான் போகிறார்.

அந்த ஒருவர் யார்? பெரும்பாலும் பணம் கொடுக்க முடியாதவர். பயிற்சி மாணவர்கள் அனுப்பப்படுவது அரசு மருத்துவமனைகளுக்கும் அறக்கட்டளைப் பள்ளிகளுக்கும் இலவச மையங்களுக்கும்தான். அங்கே கற்ற கை, பிறகு குளிர்சாதன அறைக்கு வருகிறது. முறைப்படியான மேற்பார்வைப் பயிற்சியின் தொடக்கமே இப்படித்தான் இருந்தது. 1920இல் பெர்லினில் மாக்ஸ் ஐட்டிங்கோன் முதலானவர்கள் நடத்திய உளப்பகுப்பாய்வு மருத்துவமனையில்தான், மூத்தவர் ஒருவருக்குப் பதில் சொல்லிக்கொண்டே நோயாளியைப் பார்ப்பது பயிற்சியின் கட்டாயப் பகுதியாக வடிவம் பெற்றது. அது, காசில்லாதவர்களுக்கும் சிகிச்சை தரவேண்டும் என்று திறக்கப்பட்ட இடம். ஏழையின் துயரத்துக்கு இலவசக் காது கிடைத்தது. காதுக்குச் சொந்தக்காரருக்குப் பயிற்சி கிடைத்தது.

இதை அநியாயம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் கணக்கைத் திருப்பிப் போட்டுப் பார்க்க வேண்டும். பயிற்சி மருத்துவமனையில் உட்காரும் ஏழைக்கு ஒரு கற்றுக்குட்டியும் அவர் பின்னால் நிற்கும் ஒரு மூத்தவருமாக இரண்டு தலைகள். காசு கொடுத்துத் தனி அறைக்குப் போகிறவருக்கு ஒரே தலை. அந்தத் தலை என்ன செய்கிறது என்று பார்க்க யாரும் இல்லை. அப்படியானால் கற்றுக்குட்டியிடம் போவதைவிட, யாராலும் பார்க்கப்படாதவரிடம் போவதில்தான் ஆபத்து அதிகம்.

இதை நான் புத்தகத்தில் கற்கவில்லை. அம்மா இறந்து நாலைந்து மாதம் ஆகியும் தூக்கம் வராமல், நண்பர் ஒருவர் சொல்லி ஓர் ஆலோசகரிடம் போனேன். முப்பது வயதுகூட இருக்காது. நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவர் பேசினார்.

“சார், ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். நான் படிச்சு முடிச்சிட்டேன், ஆனா இன்னும் பயிற்சியிலதான் இருக்கேன். வாரா வாரம் ஒரு சீனியர்கிட்ட என் கேஸ் பத்திப் பேசுவேன். உங்க பேரு, வேலை எதுவும் சொல்ல மாட்டேன். ஆனா நீங்க சொல்றதுல சிலதைச் சொல்ல வேண்டியிருக்கும். உங்களுக்குச் சம்மதமா?”

“வேணாம்னு சொன்னா?”

“அப்ப அனுபவம் உள்ளவங்க ஒருத்தர்கிட்ட அனுப்பி வைக்கிறேன் சார். நான் பார்க்கக் கூடாது.”

எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஒருவரிடம் சொல்வதற்கே பல வாரம் தயங்கி வந்திருக்கிறேன், இப்போது முகம் தெரியாத இன்னொருவரும் கேட்பாராம். “அந்த சீனியர் எதுக்குங்க?” என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “நீங்க உங்க அம்மாவைப் பத்திப் பேசும்போது, நான் என் அம்மாவைப் பத்தி நினைக்க ஆரம்பிச்சிடலாம். அது எனக்கே தெரியாது. அதை எனக்குச் சொல்ல ஒருத்தர் வேணும் சார்.”

தொடர்ந்து போனேன். தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து அம்மாவை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடலாம் என்று கையெழுத்துப் போட்டதைப் பற்றி நாலாவது வாரம் சொன்னேன். “நீங்க சரியாத்தான் செஞ்சிருக்கீங்க சார்” என்றார். சொந்தக்காரர்கள் எல்லோரும் சொன்ன அதே வாக்கியம். அடுத்த வாரம் அவரே ஆரம்பித்தார்: “போன வாரம் நான் அவசரப்பட்டு உங்களைச் சமாதானப்படுத்திட்டேன். அன்னைக்கு ராத்திரி என்ன நடந்துச்சுன்னு நான் கேக்கவே இல்ல. இப்ப சொல்றீங்களா?” இடையில் ஒரு மேற்பார்வை நடந்திருக்கிறது என்று புரிந்தது. நான் பார்த்தே இராத அந்த மூத்தவர், நான் சொல்லாமல் விட்டதைக் கேட்டுவிட்டார். அன்றைக்குத்தான் முழுதாகச் சொன்னேன்.

வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாகப் பிரிக்கிறார்: நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பார்த்துக்கொள்பவர். மருத்துவரை யார் பார்த்துக்கொள்வது என்பது அந்தப் பட்டியலில் இல்லை. பேச்சே மருந்தாக இருக்கும் தொழிலில் ஐந்தாவதாக அந்த ஆள் வேண்டியிருக்கிறார். ஏனென்றால் இங்கே மருந்தும் மருத்துவரும் ஒன்று. மருந்து கெட்டுப்போயிருக்கிறதா என்று மருத்துவரே முகர்ந்து பார்க்க முடியாது.

இதற்கு எதிராகச் சொல்வதற்கும் வலுவான விஷயங்கள் உண்டு. ஒன்று, வரலாறு. ஃப்ராய்டுக்கு மேற்பார்வையாளர் யாரும் இல்லை. 1922இல் கல்கத்தாவில் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கிய கிரீந்திரசேகர் போஸுக்கும் இல்லை. அவர் தானே கற்றார், ஃப்ராய்டோடு கடிதத்தில் வாதிட்டார். மருத்துவப் பட்டம் இல்லாத தியோடர் ரைக் மீது வியன்னாவில் வழக்கு வந்தபோது, 1926இல் பட்டமில்லாதவர்கள் சார்பாகப் புத்தகமே எழுதினார் ஃப்ராய்ட். இரண்டு, நம் ஊர். 1986இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் சென்னையில் தொடங்கிய தற்கொலைத் தடுப்பு அமைப்பான சிநேகா, தன்னார்வலர்களின் காதுகளை நம்பி நடப்பது. அங்கே உட்கார்ந்து கேட்பவருக்கு உரிமம் கிடையாது. 3000 மணி நேரம் முடித்தவர்தான் கேட்கலாம் என்று சட்டம் வந்தால் நள்ளிரவில் யார் எடுப்பார்கள்?

மூன்றாவதுதான் என்னை அதிகம் தொந்தரவு செய்கிறது. மணிக்கணக்கு என்பது பணக்கணக்கு. சம்பளமில்லாத பயிற்சியில் இரண்டு மூன்று வருடம் தாக்குப்பிடிக்க யாரால் முடியும்? வீட்டில் வேறு வருமானம் இருப்பவரால். குடும்பத்தின் முதல் பட்டதாரியாக, தமிழ்வழியில் படித்து வந்த பெண் அதற்குள் ஏதாவது பள்ளியில் வேலைக்குச் சேர்ந்துவிடுவாள். கடைசியில் மிஞ்சுவது, துயரத்தை ஆங்கிலத்தில் கேட்கத் தெரிந்த ஆலோசகர்கள். மாமியார் பேசியதை மாமியாரின் வார்த்தையிலேயே சொன்னால் புரிந்துகொள்கிறவர், தரம் என்ற பெயரில் வெளியே நிறுத்தப்படுவார். இலங்கைத் தமிழர் இந்தத் தொழிலுக்கு ‘உளவளத்துணை’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆலோசனை சொல்ல மேலே இருக்க வேண்டும். துணையாக இருக்கப் பக்கத்தில் இருந்தால் போதும். பக்கத்தில் இருக்கத் தெரிந்தவரை வெளியே தள்ளும் விதி, யாரைக் காப்பாற்றுகிறது?

இந்த மூன்றையும் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் இவை எதிர்ப்பது மணிகளின் எண்ணிக்கையை, மேற்பார்வையை அல்ல. சிநேகா போன்ற இடங்களில் தன்னார்வலர் தெருவிலிருந்து நேராக வந்து தொலைபேசியை எடுப்பதில்லை. பயிற்சி உண்டு, பக்கத்தில் ஆள் உண்டு. போஸுக்குக் கடிதமாவது இருந்தது. தனியாக ஆயிரம் பேரைப் பார்த்தவர், ஒரே அவசரச் சமாதானத்தை ஆயிரம் பேருக்கும் சொல்லியிருக்கலாம். அவர் ‘பேரைக் கொன்ற’ வகை. பத்துப் பேரைப் பார்த்து, ஒவ்வொன்றையும் இன்னொருவரோடு உட்கார்ந்து கிளறிப் பார்த்தவருக்கு வேர் கொஞ்சமாவது தெரிந்திருக்கும். மணிக்கணக்கு இதை வெளியிலிருந்து அளக்க அதிகாரிகள் கண்டுபிடித்த முழக்கோல். முழக்கோல் இல்லாமல் சட்டம் எழுத முடியாது. ஆனால் துணியை நெய்தது முழக்கோல் இல்லை.

என் அக்கா மகள் எம்.எஸ்சி. முடித்துவிட்டு, வேளச்சேரியில் தோழியோடு சேர்ந்து ஓர் அறை எடுத்திருக்கிறாள். “சட்டப்படி எனக்கு எந்தத் தடையும் இல்ல மாமா” என்றாள். உண்மைதான். தடை இல்லாததாலேயே பொறுப்பு முழுக்க அவள் தலையில் இருக்கிறது என்றேன். உரிமம் இருக்கும் நாட்டில் ‘விதிப்படி செய்தேன்’ என்று சொல்லித் தப்பிக்கலாம். இங்கே அந்த வசதி இல்லை. வருகிறவரிடம், தான் எந்த நிலையில் இருக்கிறோம் என்று முதலிலேயே சொல்ல வேண்டும். அவர் மறுத்து எழுந்துபோவதற்கு இடம் கொடுக்க வேண்டும். சம்மதம் வாங்காமல் ஒருவர்மீது கற்றுக்கொள்வது, கற்றல் எவ்வளவு நன்றாக நடந்தாலும், திருட்டுதான்.

“சொன்னா பாதிப் பேர் போயிடுவாங்க” என்றாள்.

“நான் போகலயே” என்றேன்.

இப்போது சனிக்கிழமைகளில் அடையாறில் ஒரு மூத்தவரிடம் போகிறாள். அவருக்குக் கொடுப்பது இவள் இரண்டு பேரிடம் வாங்கும் கட்டணம். அதை யார் தலையில் வைப்பது என்று போன வாரம் கேட்டாள். கட்டணத்தை ஏற்றினால், வரவேண்டியவர்களில் சிலர் வரமாட்டார்கள். ஏற்றாவிட்டால் வாடகை இடிக்கிறது. பள்ளிகளும் நிறுவனங்களும் ஆலோசகரை வேலைக்கு வைக்கும்போது மேற்பார்வைச் செலவையும் சம்பளத்தோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி. அது நடக்கும்வரை? ஏற்ற வேண்டாம், பார்க்கும் ஆட்களைக் குறைக்காதே, சனிக்கிழமையையும் விடாதே என்றேன். “அது எப்படி மாமா முடியும்?” என்றாள். கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறோம்.